நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ

சாவியைக் கொடுக்கும்போதே தேவநேசன் சொல்லிவிட்டான்:
அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும்தான் சார்,
அதுக்கு மேல இன்சூரன்ஸ் பேசாது.
அஸ்தம்பட்டி ஷோரூம் சுவர் முழுக்கப் பனிமலை,
நடுவில் இதே வண்டி.
ஓட்டுகிறவனுக்கு முகம் இல்லை, கண்ணாடிதான்.
எனக்குக் குளிர் ஆகாது.
மார்கழியில் ஏற்காடு போனாலே மூக்கு ஒழுகும்.

என் தொழில் தராசு.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் மில்லிகிராம்,
மேலே காப்பி எஸ்டேட்டுகளில் மூட்டை.
சோதனைக்கான இருபது கிலோ கல் இரண்டைப்
பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டி
பன்னிரண்டு வருஷமாக இந்த மலை ஏறுகிறேன்.
பழைய வண்டி நூற்று முப்பத்தேழு கிலோ.
எக்ஸ்சேஞ்சில் பதினெட்டாயிரம் வரும் என்றான்,
மாட்டுத் தரகன் பல் பார்க்கிற மாதிரி
செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து.
மீட்டர் அறுபத்தோராயிரத்தில் நின்று மூன்று வருஷம்.
பிறகு ஓடியதெல்லாம்
யார் கணக்கிலும் இல்லாத தூரம்.

சுகிர்தா வேண்டாம் என்று சொல்லவில்லை.
அதுதான் சிக்கல்.
மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்,
வாங்கு. எங்க போவ?
ஸ்பிதி என்று வாய் வரை வந்தது.
ஓமலூர் என்றேன்.
சிரித்த சிரிப்பில் உப்பை இரண்டாம் தரம் போட்டுவிட்டாள்,
அதற்கும் பழி என் மேல்.

மாதம் ஏழாயிரத்து நானூறு, நாற்பத்தெட்டு மாதம்.
தவணை முடிகிற ஜூனில்தான்
இனியாவுக்குக் கல்லூரி.

செக்போஸ்ட்டில் திரும்பியிருக்கலாம்.
திரும்பவில்லை.
முதல் கொண்டை ஊசி வளைவை
அது வளைவென்றே மதிக்கவில்லை.
என் பழையது இருமத் தொடங்கும் இடத்தில்
இது அப்போதுதான் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.
எட்டாவதில் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தேன்,
என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன்.

பதினோராவதில் பஸ்.
இறங்குகிற பஸ் வளைவை முழுசாகக் கேட்டது.
நின்றேன்.
இடது காலை ஊன்றினேன்,
தரை இல்லை.
இருந்தது, ஒரு விரற்கடை கீழே.

விழுந்தது என்று சொல்ல முடியாது.
சாய்ந்தது.
தூக்கம் வந்த பெரிய மிருகம் படுப்பதைப்போல,
அவசரமே இல்லாமல்,
என்னையும் கூட்டிக்கொண்டு.

நாளெல்லாம் எடை தூக்குகிறவன் தூக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுக் கண்டக்டர் இறங்கினார்,
கொய்யாக் கூடையை ஓரம் வைத்துவிட்டு ஓர் அம்மாளும்.
எத்தனை கிலோண்ணே இது?
நூத்தித் தொண்ணூத்தொம்பது, என்றேன். பெட்ரோலோட.
அந்த நிலைமையிலும் எடை தப்பவில்லை.
பஸ்ஸில் ஒரு ஜன்னல்கூடக் காலியில்லை.

கிளட்ச் லீவர், கைப்பிடி முனையில் சிராய்ப்பு:
இரண்டாயிரத்து நூறு.
பில்லை நீட்டிய தேவநேசன்
செக்போஸ்ட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

வீட்டு வாசலில் பழைய வண்டி மேல் சும்மா உட்கார்ந்தேன்.
இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்.
பாதங்கள் மட்டும் நிம்மதியாக இருந்தன.

முழங்கையில் மருந்து தடவியபடி கேட்டாள்,
எங்க விழுந்த?
பதினொண்ணாவது வளைவு.
அப்ப அவ்ளோ தூரம் போயிருக்க,
என்றாள்.

ராத்திரி பத்தேகாலுக்குத் தேவநேசனைக் கூப்பிட்டேன்.
சீட்டை எவ்வளவு இறக்கலாம்?
இருபது மில்லி சார், அவ்வளவுதான்,
என்றது பாதித் தூக்கத்தில் ஒரு குரல்.

அவ்வளவுதானாம்.
நாளைக்குக் காலையில் செவ்வாய்ப்பேட்டையில்
இருபது மில்லிக்காக ஒருவன்
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.
பக்கத்தில் நானும்.